மூன்றாவது ஓலை

ஜூலை 1, திங்கள்

லிடியா சிஸ்டர் எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். இல்லத்துக்கு வருகிற நாளில் என்ன வேலை செய்தோம், யாரைப் பார்த்தோம் என்று எழுத வேண்டுமாம். மாசக் கடைசியில் வாங்கிப் படிப்பார்களாம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன். "அதனால என்ன, பேசுத மாதிரி எழுதுங்க ஞானக்கனியம்மா" என்றார்கள். பக்கத்தில் இருந்த பியூலா, "இவிய பேசுத மாதிரி எழுதினா நோட்டு ஒரு வாரம் தாங்காது சிஸ்டர்" என்றாள். அவள் பத்தாவது ஃபெயில். நான் படித்தவரைக்கும் எதிலும் ஃபெயில் ஆகவில்லை. கையெழுத்தில் வகுப்பிலேயே முதல்.

எங்கள் அரவணைப்பு இல்லத்தைக் கோயில் பெண்கள் சங்கம் நடத்துகிறது. கோயில் என்றால் எங்கள் ஊரில் சர்ச். புருஷன் விட்டுப் போனவள், கல்யாணம் ஆகாமல் உண்டானவள், கவனிக்க ஆள் இல்லாதவள், எந்த மதமாக இருந்தாலும் வரலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம், சத்துமாவு கொடுப்போம், பிரசவத்துக்குத் துணை நிற்போம். சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்சாக இருந்தவர்கள். முன்னறைச் சுவரில் ஒரே ஒரு சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இங்கே வந்தவள் பெயர் இந்த வாசலைத் தாண்டாது.

இன்றைய வேலை: பழைய வேட்டி நான்கு கிழித்தேன். பிள்ளைத் துணி முப்பத்திரண்டு. அவித்து மாடியில் காயப்போட்டேன். பச்சைப் பிள்ளைக்குப் புதுத் துணி ஆகாது. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் உடம்பை அறுக்காது. இதை சிஸ்டருக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 3, புதன்

நோட்டீஸ் கொடுக்கப் போனோம், நானும் பியூலாவும். பஸ் ஸ்டாண்டு, மீன் மார்க்கெட், பீடி சுற்றுகிற தெரு. கடைசியாக தேவசகாயம் அண்ணாச்சி ஜவுளிக்கடை. அது நோட்டீஸ் கொடுக்க வேண்டிய இடமா என்று பியூலா கேட்டாள். அங்கே பெண்பிள்ளைகள் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், அதனால் கொடுக்க வேண்டிய இடம்தான்.

அந்தக் கடை எங்களுக்குச் சம்பந்தி வீடு ஆகப்போகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் பேத்தி அக்சாவுக்கும் அண்ணாச்சி மகன் கிங்ஸ்லிக்கும் மே மாதம் நிச்சயம் ஆயிற்று. ஆகஸ்ட் 29 கல்யாணம். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தது நான். என் மகன் அவ்வளவு பெரிய இடம் நமக்கு வேண்டாம் என்றான். அக்சா எம்.எஸ்ஸி., பி.எட். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர். எங்கள் இரண்டு பக்கத்திலும் முதல் பட்டதாரி அவள். பெரிய இடத்துக்கு அவள் குறைச்சலா?

கடையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பில் போடுகிற பிள்ளைகளிடம் அக்சாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். பியூலா அதை இருபது வார்த்தை என்பாள். பிள்ளைகள் சாப்பிடுகிற இடத்தில் ஒரு கட்டு நோட்டீஸ் வைத்துவிட்டு வந்தோம்.

ஜூலை 9, செவ்வாய்

புதிதாக ஒருத்தி வந்தாள். இசக்கி. வயது இருபத்திரண்டு, ஆறாம் மாசம். கல்யாணம் ஆகவில்லை. வாசலில் நின்றுகொண்டே, "நோட்டீசு கொடுத்தாவல்லா ஒரு ஆச்சி, அவிய இருக்காவளா?" என்று கேட்டாளாம். சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்கள். பியூலாவும்தான் நோட்டீஸ் கொடுத்தாள், அவளை யாரும் கேட்கவில்லை.

கால் இரண்டும் வீங்கியிருந்தது. நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை என்றாள். ஒரு மனைப் பலகையைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து நீவி விட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிஸ்டர் அட்டை நிரப்பினார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் சொன்னாள். தாய் இல்லை. உப்பளத்தில் வேலை பார்க்கிற அத்தை ஒருத்தி மட்டும். பிள்ளையின் தகப்பன் என்ற இடத்தில் வாயைத் திறக்கவில்லை. பிரசவத்துக்கு உடன் வருபவர் என்ற இடமும் காலி. சிஸ்டர் வற்புறுத்தவில்லை. கடைசியில் ஜெபம் பண்ணினார்கள். இசக்கி இந்துப் பிள்ளை. கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அந்தப் பெயரை நான் வாங்கித் தருகிறேன் என்று சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். என்னிடம் சொல்லாதவர்கள் யாரும் இல்லை.

ஜூலை 10, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது.

ஜூலை 16, செவ்வாய்

இசக்கியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூன்று மணி நேரம் வரிசை. பிள்ளை நன்றாக இருக்கிறது, தாய்க்கு ரத்தம் குறைவு. முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள். அதைத்தான் நான் காலையிலேயே சொன்னேன்.

வரிசையில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டேன். "யாரு தாயி அவன்? பயப்படாம சொல்லு."

"வேண்டாம் ஆச்சி."

"கல்யாணம் ஆனவனா?"

"இல்ல."

"கெட்டிக்கிடுதேன்னு சொன்னானா?"

"சொன்னாவ. அவிய அப்பாட்ட பேசுதேன்னு சொன்னாவ. பேசல."

"பேரைச் சொல்லு. நான் போயி நாலு கேள்வி கேக்கேன். ஊரு கூடுத மாதிரி கேப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல. நீங்க கேக்காதிய ஆச்சி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அழுத்தக்காரி. இருக்கட்டும். இன்னும் மூன்று மாசம் இருக்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

இசக்கி வேலையை விட்டுவிட்டாளாம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் அம்மா ஒரு மாதிரி பார்க்கிறாள் என்றாள். எங்கே வேலை என்று இதுவரை நான் கேட்கவில்லை. இன்று தானாகத் தெரிந்தது.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அக்சாவின் நிச்சயதார்த்தப் படத்தைப் போனில் காட்டினேன். மாம்பழக் கலர் பட்டு, ஊதா பார்டர். இசக்கி போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இந்தச் சேலைல தலைப்புக்குக் கிட்ட ஒரு இழை இழுத்திருக்கும் ஆச்சி. தெரியாம உள்ள மடிச்சு வச்சது நாந்தான்."

அப்போதுதான் தெரிந்தது, தேவசகாயம் அண்ணாச்சி கடைப் பிள்ளை என்று. எனக்குச் சந்தோஷம். நம் வீட்டுச் சேலையை மடித்த பிள்ளை நம்மிடமே வந்திருக்கிறது. அடுத்த படத்தைத் தள்ளினேன். அதில் மாப்பிள்ளையும் இருக்கிறார். "ஜோடி எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு" என்றேன். போனை என் மடியில் வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள்.

ஆறு மாசம் தாண்டிய பிறகும் வாந்தி. சில உடம்புக்கு அப்படித்தான்.

திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க பேத்தி நல்லா இருக்காவ ஆச்சி" என்றாள். ஜோடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 31, புதன்

சிஸ்டர் நோட்டு வாங்கிப் படித்துவிட்டுச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: கையெழுத்து மிக அழகு. பெயர் கேட்டு வற்புறுத்த வேண்டாம்.

முதல் வரியைப் பியூலாவிடம் காட்டினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஐயர் வாசிப்பார். ஐயர் என்பது எங்கள் போதகர். மூன்றும் தடையில்லாமல் முடிந்தால்தான் தாலி.

என் மகன் பெயரை ஐயர் வாசித்தபோது முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அக்சா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை வேர்த்திருந்தது. "என்னட்டி, பரிச்சை எழுதப் போறியா?" என்றேன். "சும்மா இருங்க ஆச்சி" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கல்யாண அட்டை மாதிரி காட்ட கிங்ஸ்லி மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தார். அக்சா பள்ளிக்கூடம் போயிருந்தாள், மருமகள் கடைக்குப் போயிருந்தாள். நான்தான் டீ போட்டு, முந்திரிக்கொத்து வைத்தேன். நல்ல பையன். காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்குவான். அட்டையில் என் பெயரும் போட்டிருக்கிறது, பெரிய எழுத்தில்.

பேச்சுவாக்கில், "உங்க கடைல வேல பாத்த இசக்கி எங்க இல்லத்துக்குத்தான் வந்துட்டிருக்கா. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். நான் செய்கிற ஊழியம் அவர்களுக்கும் தெரியட்டும் என்றுதான்.

டீ கிளாசைக் கீழே வைத்தார். "அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

"என்ன சொல்லுவா, பாவம். வாயே திறக்க மாட்டேங்கா."

முந்திரிக்கொத்தைத் தொடவில்லை. அவசர வேலை என்று கிளம்பிவிட்டார்.

சிஸ்டர், இதைப் படிக்கும்போது ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெயர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது வெளியாருக்கு. இது வீட்டுக்குள் பேசினது.

ஆகஸ்ட் 8, வியாழன்

இசக்கிக்கு இன்று ரத்தப் பரிசோதனை. வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. சிஸ்டர் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போய் விசாரித்தார்கள். நேற்றுக் காலை ஒரு கார் வந்ததாம். கடையின் சூப்பர்வைசர் அம்மா ஏறச் சொன்னாளாம். பெட்டியோடு போய்விட்டாள் என்றார்கள்.

சிஸ்டர் எங்களை முன்னறையில் உட்கார வைத்தார்கள். "இந்தப் பிள்ளை இங்க வருதுன்னு யாராவது வெளிய சொன்னியளா?" என்று கேட்டார்கள். பியூலா இல்லை என்றாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இல்லத்துக்குப் போகவில்லை. முட்டுவலி.

உட்கார்ந்தே இருந்ததில் ஒன்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் எந்தக் கடைக்குப் போய் இசக்கி என்று கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்கள். அண்ணாச்சி கடையிலும் வேறு இசக்கி இரண்டு பேர் இருக்கிறார்கள், போன மாதம் நானே பார்த்திருக்கிறேன். யாராக இருந்தாலும், "எந்த இசக்கி ஆச்சி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மாப்பிள்ளை கேட்கவில்லை.

எந்த இல்லம், எதற்கு ஆஸ்பத்திரி என்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அவள் என்னிடம் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும் என்று ஆகாது. ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது.

பட்டுச் சேலைகளுக்கு ஓரம் தைக்கக் கொடுத்தோம். பலகாரத்துக்கு ஆள் சொன்னோம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

தடை ஏதாவது தெரிந்தால் என்று ஐயர் வாசித்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு சபையைப் பார்ப்பார். அது வழக்கம். ஒருவரும் எழுந்ததில்லை. இன்று அவர் பார்த்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. அக்சா பையிலிருந்து விக்ஸ் மிட்டாய் எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பந்திக்கு இலை ஆயிரத்து இருநூறு சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இந்தப் பக்கத்தை சிஸ்டர் படிப்பார்கள் என்றுதான் இரண்டு நாளாகச் சுருக்கமாக எழுதினேன். இன்று சுருக்க முடியவில்லை.

பியூலா மீன் மார்க்கெட்டில் கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் காதுக்கு எட்டாதது இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில் ஹாஸ்டலில் கொண்டு விடத்தான் இசக்கியைக் காரில் ஏற்றியிருக்கிறார்கள். பிரசவம் முடிந்ததும் பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிடலாம், எல்லாம் பேசியாகிவிட்டது என்று சொன்னார்களாம். பிள்ளையைக் கொடுப்பது என்றதும், டீ குடிக்க வண்டி நின்ற இடத்தில் இறங்கி, பெட்டியையும் விட்டுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாளாம். இப்போது அத்தை வீட்டில் இருக்கிறாளாம்.

"எந்த நாயி வாயத் தொறந்துச்சோ தெரியல. அது வெளங்குமா?" என்றாள் பியூலா.

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சீலாமீனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

அக்சா கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் மூன்று மணிக்கே எழுந்து சோறு கிண்டினேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, மாங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல். ஏழு வகை. ஏழாம் மாசத்துக்குத் தாய் வீட்டிலிருந்து ஏழு சோறு போக வேண்டும். இதில் இந்து, கிறிஸ்தவம் எல்லாம் எங்கள் பக்கம் கிடையாது. மருமகள், "யாருக்கு அத்தே இவ்வளவு?" என்று கேட்டாள். இல்லத்துக்கு என்றேன். பொய் இல்லை.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இறங்கி உப்பளத்து ஓரமாக நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று கண் கூசியது. அத்தை வேலைக்குப் போயிருந்தாள். தகரக் கதவுக்குப் பின்னால் இசக்கி மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால் மறுபடி வீங்கியிருந்தது.

மனை இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தேன். சோற்றைத் தட்டில் வைத்தேன். முதல் வாயை நான்தான் ஊட்ட வேண்டும், அதுதான் முறை. ஆனால் அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"நான்தான் தாயி உன் பேரை அவன்ட்ட சொன்னேன். பெருமைக்குச் சொன்னேன்."

"தெரியும் ஆச்சி. சூப்பர்வைசரம்மா கார்ல வச்சே சொல்லிட்டா. 'அந்தக் கெழவிட்ட என்னட்டி சொன்ன'ன்னு கேட்டா."

"அவன்தானா?"

"அவியதான்."

வெளியே லாரியில் உப்பு அள்ளிப் போடுகிற சத்தம் கேட்டது.

"அன்னைக்கு நீங்க கடைல நாற்காலி போட்டு உக்காந்து உங்க பேத்தியப் பத்தி சொல்லிட்டிருந்திய. நான் பில் போடுத பிள்ளைக்குப் பின்னாலதான் நின்னேன். உங்கட்டச் சொல்லிரணும்னுதான் நோட்டீச எடுத்துட்டு வந்தேன். சத்தியமா ஆச்சி, திட்டிட்டுப் போயிரணும்னுதான் வந்தேன்."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க காலப் புடிச்சு எண்ண தேச்சியல்லா. எங்கம்மா போனப் பொறவு ஒருத்தரும் என் காலத் தொட்டதில்ல. அதுக்கு மேல எப்படி வாய் வரும்? போட்டோவுல உங்க பேத்தியப் பாத்தேன். அவியளும் ஒரு பாவமும் அறியாத பிள்ளைதான."

"அவளுக்குச் சொல்லணும். உன் பேரு சொல்லாம சொல்ல முடியாது. நீ வேண்டாம்னா சொல்ல மாட்டேன். ஒருக்கா கேக்காமச் சொன்னேன். இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் சொல்லுவேன்."

இசக்கி தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அவியள எனக்குக் கெட்டி வைங்கன்னு நான் கேக்கல. காருல ஏத்தி விட்ட ஆளு எனக்கு வேண்டாம். பேரச் சொல்லுங்க ஆச்சி. நான் ஒளிஞ்சது போதும்." பிறகு சொன்னாள்: "இம்புட்டுச் சோத்தையும் நான் ஒருத்தியா திங்கணும்?"

"ஏழுலயும் ஒரு வாய். மிச்சம் உங்க அத்தைக்கு."

ஊட்டினேன். எள்ளுச் சோறு பிடிக்கவில்லை என்றாள். எனக்கும் பிடிக்காது, முறைக்காகச் செய்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அக்சா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு மாடிக்கு வந்தாள். சொல்லிவிட்டேன். முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல். நான் பெயர் சொன்னதையும், அதனால் கார் வந்ததையும்.

அவள் அழவில்லை. டீச்சர் மாதிரியே கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒம்பதாம் தேதி."

"ரெண்டாவது ஓலை பதினொண்ணாம் தேதி."

"ஆமா."

"நீங்க இருமினிய. நான் மிட்டாய் தந்தேன்."

"ஆமா."

அதற்குப் பிறகு என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துக் கிங்ஸ்லிக்குப் போட்டாள். சத்தமாக வைத்தாள், நானும் கேட்கட்டும் என்று. "இசக்கி யாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பக்கம் கொஞ்சமும் யோசிக்காமல், "எந்த இசக்கி?" என்றான்.

அக்சா என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. என் மேல்தான். ஆச்சி தப்பாகப் புரிந்துகொண்டு விட்டாளோ என்று.

"ஆறாம் தேதி என்கிட்ட இதக் கேக்கலையே தம்பி" என்றேன், போனைப் பார்த்து. "நான் இசக்கின்னதும், அவ என்ன சொன்னான்னுதான கேட்டிய. இந்த வீட்லதான். டீ கிளாசக் கீழ வச்சிட்டு."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ஆச்சி, அப்பாதான்..." என்று தொடங்கினான். அக்சா அணைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, சனி

வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. மருமகள் படுத்தே கிடக்கிறாள். என் மகன், "பெரிய இடம் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டியளா?" என்று பத்துத் தடவை கேட்டான். பத்துத் தடவையும் இல்லை என்றேன். சாயங்காலம் அக்சாவே ஐயர் வீட்டுக்குப் போய், ஓலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். துணைக்கு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

நான் இந்த நோட்டை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மாசக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார்கள். இப்போதே படியுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போக வேண்டாம் என்றான் மகன். போனேன். எப்போதும் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தேன். அக்சா இரண்டு வரிசை முன்னால் தன் அம்மாவோடு உட்கார்ந்தாள்.

ஐயர் மூன்று ஓலை வாசித்தார். ஆசாரித் தெருவில் ஒன்று, வடக்குத் தெருவில் இரண்டு. எங்கள் ஓலை வரவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவையும் நான் முதுகைச் சாய்க்கவில்லை. அக்சாவும் சாய்க்கவில்லை. பின்னாலிருந்து பார்க்கும்போது அது என் முதுகு மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சிஸ்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிவப்பு மையில் ஒன்றும் எழுதவில்லை. வாயால் சொன்னார்கள். "இனிமே முன்னறை வேலை உங்களுக்கு வேண்டாம்மா. நோட்டீசுக்கும் போக வேண்டாம். பின்பக்கம் துணி அவிக்கிறது, கஞ்சி வைக்கிறது, அது மட்டும் பாருங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஆறு வருஷமாக முன்னறையில் இருந்தவள் நான்.

பியூலா ஒன்றும் கேட்கவில்லை. விறகை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இசக்கி வந்துவிட்டாள். சிஸ்டரே போய்க் கூட்டி வந்தார்கள். மேல் அறையில் தங்குகிறாள். ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

நான் பின்பக்கம் துணி அவித்துக்கொண்டு இருந்தேன். சிஸ்டர் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையின் தகப்பன் என்ற இடம் இப்போதும் காலிதான். அதை எழுதுவதா வேண்டாமா என்று பிள்ளை பிறந்த பிறகு தானே முடிவு பண்ணுவாளாம். பிரசவத்துக்கு உடன் வருபவர் என்ற இடத்துக்கு மட்டும் இசக்கி ஒரு பெயர் சொல்லியிருக்கிறாள்.

"வேற ஆளு சொல்லச் சொன்னேன். கேக்க மாட்டேங்கா" என்றார்கள் சிஸ்டர். பேனாவை என்னிடம் நீட்டினார்கள். "நீங்களே எழுதுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். ஞானக்கனி. அதற்கு அடுத்த கட்டத்தில் உறவு என்று போட்டிருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி என்று எழுதினேன். கையெழுத்து அவ்வளவு நன்றாக வரவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

இன்று கல்யாண நாள். பள்ளிக்கூடத்தில் போட்ட லீவை அக்சா ரத்து செய்யவில்லை. வீட்டில்தான் இருந்தாள். பதின்மூன்று நாளாக என்னிடம் அவள் பேசவில்லை.

இல்லத்துக்குக் கிளம்பும்போது என் பைக்குப் பக்கத்தில் மேஜைமேல் அவள் அப்பாவின் பழைய வேட்டி இரண்டு இருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்தாள். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியில் நின்று, "எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டேன். பதில் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

வேட்டி இரண்டு, பிள்ளைத் துணி பதினாறு. அவித்துக் காயப்போட்டேன். நல்ல வெயில்.